இடுப்புயரக் காற்று

நெஞ்சுக்கு நேரே நெருப்புக்குச்சியை உரசிப் பற்றவைத்து, நிசிமிரே மெல்லக் குனிகிறாள். தொப்புள் வரைக்கும் சுடர் நிமிர்ந்து நிற்கிறது. தொடையருகே போனதும் யாரோ ஊதியதுபோல அணைந்துவிடுகிறது. அணைந்த இடத்தில் அளவுகோலை வைத்து எண்ணைப் படிக்கிறாள். தோளில் வாயு மீட்டர் தொங்குகிறது, அது கத்தவும் கத்துகிறது. ஆனாலும் வேடிக்கை பார்ப்பவர்களுக்காகத் தினமும் ஒரு குச்சி.

"மீட்டர் பொய் சொல்லுதும்பீங்க. நெருப்புமா பொய் சொல்லும்?"

கோமா நகரத்துக்கு மேற்கே, எரிமலைக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் பள்ளங்கள்தான் அவளுடைய அலுவலகம். எரிமலை ஆய்வுக் குழு ஒன்றில் வேலை. குழுவில் மற்றவர்கள் மலையைப் பார்க்கிறார்கள், இவளுக்குத் தரை. மலைக்கு அடியிலிருந்து தரை வெடிப்புகள் வழியாகக் கரியமில வாயு கசிந்து பள்ளங்களில் தேங்கும். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனம். வெயில் ஏறிக் காற்றடித்தால் கலைந்துவிடும். விடியற்காலையில்தான் நிறைந்து நிற்கும். ஊரில் அதற்கு மசூகு என்று பெயர், கெட்ட காற்று என்று அர்த்தம். அதனால் இவள் மசூகக்கா.

வயது நாற்பத்தைந்து. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தரையில் உட்காரவே மாட்டாள், சாவு வீட்டில்கூட நின்றுகொண்டுதான் அழுவாள். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமும் இல்லை, சென்டிமீட்டரில் அவர்கள் உயரம்தான் பெயர். "ஏய் தொண்ணூறு, இங்க வா. போன மாசம் எண்பத்தெட்டா இருந்த, இல்ல?"

சுக்குடு மரவண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை தள்ளிப் போகிறவன் நிற்காமலே சீண்டுவான். "மலை எப்ப வெடிக்கும்னு சொல்லுக்கா, ஓடுறோம். தரையில என்ன தேடுற, தொலைஞ்ச ஊசியா? நான் தெனம் இந்தப் பள்ளத்துலதான் போறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"உன் மூக்கு எங்க இருக்கு? இறக்கி என் முட்டிகிட்ட வை, சொல்றேன்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். இந்த ஊரில் நின்று நடக்கிற எல்லோரும் தாங்கள் உயிரோடு இருப்பதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். சாகிற உயரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் பேச வரவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு பள்ளத்து வீட்டில் ஒரே பாயில் படுத்த அண்ணனும் தங்கையும் எழுந்திருக்கவில்லை. நிசிமிரேயின் படிவத்தில் செத்த பிராணிகளுக்கு ஒரு கட்டம் உண்டு. பல்லி, கோழி, ஆடு என்று எழுதுவாள். பிள்ளைகளுக்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதினாள். அறிக்கை அச்சாகி வந்தபோது ஓரத்தில் இருந்தது அதில் இல்லை.

அதன்பிறகு அந்தப் பள்ளத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை ஒன்றை நட்டாள். மறு மாதமே அது நிலக்காரன் சிரிம்வாமியின் கக்கூசுக்குக் கதவாகிவிட்டது.

"ஏன்யா பிடுங்கின?"

"மண்டையோடு இருந்தா எவன் வாங்குவான்? நீ காத்தை அளக்குற, நான் மண்ணை விக்கிறேன். உன் வேலை உனக்கு, என் வேலை எனக்கு."

"பிள்ளைங்க சாகும்."

"அது கடவுள் வேலை."

வட்டாரத் தலைவரிடம் போனாள். "அளக்கத்தானே உன்னை வச்சிருக்காங்க? அளந்துட்டுப் போ" என்றார் அவர்.

அந்தப் பள்ளத்தை வாங்கியவள் மசிசி மலைகளிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த மபெண்டோ. பலகைச் சுவர், தார்ப்பாய்க் கூரை, ஒன்றரை வயது மகன் ஷுகுரு. நிசிமிரேக்கு அவன் எழுபத்தெட்டு. ஒரு வாரம் முன்பு அந்த வீட்டுக்குள் வாயு கணுக்காலளவுதான் இருந்தது. இன்று விடிகாலையில் அவள் போனபோது கட்டிலுக்கடியில் கோழி செத்துக் கிடந்தது. தரையிலிருந்து நாற்பத்தொரு சென்டிமீட்டர் உயரத்திலேயே மீட்டர் கத்தியது. கட்டிலின் உயரம் ஐம்பது.

"இவன் நின்னா தப்பிச்சுக்குவான். உக்காந்தா மூக்கு முப்பத்தெட்டுல இருக்கும்" என்றாள். "இன்னைக்கே கிளம்பு மபெண்டோ."

மபெண்டோ கோழியின் சிறகைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "எங்கக்கா போறது? மேல போனா துப்பாக்கி, கீழ போனா ஏரி. நாங்க இருந்த முகாமை ரெண்டு தடவை கொளுத்திட்டாங்க. இந்த ஒரு இடத்துலதான் எவனும் வந்து எழுந்திருன்னு சொல்லல. இப்ப நீ சொல்ற."

 

நிசிமிரே வெளியே போய்க் கருத்த எரிமலைக் கற்களைச் சுமந்து வந்தாள். நாலைந்து நடை. இருவரும் சேர்ந்து கட்டிலின் நான்கு கால்களுக்கும் அண்டை கொடுத்தார்கள். கோலை வைத்துப் பார்த்தாள். பாய் தொண்ணூற்றைந்தில் இருந்தது.

"எவ்வளவு நாளைக்குக்கா?"

"ஏழு நாளா ஏறுது. எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாது. வெயில் வர்றவரைக்கும் யாரும் கீழ எறங்கக் கூடாது."

"எனக்கு முன்னாடி இவன் முழிச்சுக்குவான். சறுக்கி எறங்கி உக்காந்துக்குவான்."

இருவரும் ஷுகுருவைப் பார்த்தார்கள். மபெண்டோ இடுப்புத் துணியின் ஓரத்தைக் கிழித்து, ஒரு முனையை அவன் கணுக்காலிலும் மறுமுனையைக் கட்டில் சட்டத்திலும் கட்டினாள். அவன் விளையாட்டென்று நினைத்துக் காலை உதறி உதறிச் சிரித்தான்.

நிசிமிரே கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகில் வந்தாள். முடிச்சைப் பிடித்து இழுத்தாள். அது நழுவியது. முழுதாக அவிழ்த்து, துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, இன்னும் இறுக்கிக் கட்டினாள்.