காப்பு அவிழுமுன் கல்லை இறக்கினாள் மாரியாத்தா

போன பங்குனித் திருவிழாவில், பால்குடத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வலி பிடித்தது. வலது பக்க முதுகில் தொடங்கி அடிவயிறு வரை இழுத்தது. குடத்தைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே குசினித் தரையில் சுருண்டு விழுந்தேன். இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அந்த வலியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இலங்கையில் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். பெயர் சரஸ்வதி. வாய் கொஞ்சம் நீளம், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தில் சின்னக் கல் இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடித்தால் தானாக இறங்கும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே கண்டியில் டொக்டர் அம்மா சொல்லி, வலிக்கு மாத்திரையும் தந்திருந்தார். நான் குடித்தால்தானே! மலையில் கக்கூஸ் கிடையாது. தண்ணீர் குடித்தால் எங்கே போய் ஒதுங்குவது? காலையில் ஒரு தேத்தண்ணீரோடு ஏறினால் பின்னேரம் வரை வாயை நனைக்க மாட்டேன். எங்கள் பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான். அதற்கு மேல் விரதம் வேறு.

மகள் டெங்குவில் பிழைத்தபோது மூன்று வருடம் பால்குடம் எடுப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தேன். இது கடைசி வருடம். கையில் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரியோ கண்டியில்.

என் கணவர் செல்வம் ஓட்டோ பிடிக்கக் கிளம்பினார். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ உடனே வர வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். செல்வம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை. நாலு மணி வரைதான் பொறுப்பேன், பிறகு தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றார். மாத்திரையை நீட்டினார். விரதத்தில் மருந்து வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பத்து மணிக்கு வாந்தி. நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அம்மன் படத்தைப் பார்த்தேன். கும்பிடவில்லை, சண்டை போட்டேன்.

"ஏன்டி ஆத்தா, ஒனக்கு என்ன கொற வச்சேன்? நாளைக்கு நான் கொடம் தூக்கணும்னா இன்னைக்கே இந்தக் கல்ல எறக்கு. இல்லன்னா என்னய எடுத்துக்க."

செல்வம் அதிகம் பேசாத மனிதர். அப்போதுதான் பேசினார்.

"ஆத்தாளுக்குக் கொடம் கொடமா பால் ஊத்துற. அவ குடுத்த ஒடம்புக்கு ஒரு போத்தல் தண்ணி ஊத்த மாட்டேங்குற. மருந்து குடிக்காதன்னு அவளா சொன்னா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவர் வாயிலிருந்து வந்தாலும் அதைச் சொன்னது ஆத்தாள்தான். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

மாத்திரையை விழுங்கினேன். பக்கத்து வீட்டுப் பார்வதி, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்தாள். மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் ஆத்தாள் பெயரைச் சொன்னேன். கல்லைப் பிடிக்க, டொக்டர் சொன்னபடி பழைய தேத்தண்ணீர் வடியில் சிறுநீரை வடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒன்றுமில்லை. இரண்டு மணிக்கும் இல்லை. மூன்றரைக்குச் செல்வம் ஓட்டோவுக்குப் போன் போட்டுவிட்டார்.

ஓட்டோ வாசலில் வந்து நின்றது. கடைசியாக ஒரு தரம் கக்கூஸுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். உயிரே போகிற மாதிரி ஒரு குத்து. வடியைப் பார்த்தால், கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு கல். இத்தனூண்டா என்னை இந்தப் பாடு படுத்தியது! கொஞ்ச நேரத்தில் வலி நின்றுவிட்டது. வடியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வரிசை வீடுகளில் இருந்த லயத்துச் சனமே சிரித்தது. ஓட்டோக்காரர் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெறும் ஓட்டோவோடு திரும்பினார்.

ஞாயிறு காலை தப்பு முழங்க, குடத்தைத் தலையில் வைத்து நடந்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அம்மன் முகத்தில் பால் வழிந்தபோது வாய்விட்டு அழுதேன்.

காப்பு அவிழ்த்த பிறகு கண்டிக்குப் போனேன். ஸ்கேனில் கல் இல்லை. டொக்டர் அம்மா சந்தோஷப்பட்டார், தண்ணீர் விஷயத்தில் நன்றாக ஏசவும் செய்தார். இப்போது போத்தல் இல்லாமல் மலை ஏறுவதில்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஒபீஸுக்கு மூன்று தடவை போய் நின்றேன். மலையில் இரண்டு கக்கூஸ் கட்டிவிட்டார்கள். அதுவும் ஆத்தாள் செய்ததுதான்.

தாய்மாரே, வலியை மறைக்காதீர்கள், மருந்தைத் தள்ளாதீர்கள். அவளிடம் அழுது கேளுங்கள், ஏசியும் கேளுங்கள். ஏசினேன் என்பதற்காக அவள் என்னைக் கைவிடவில்லை. உங்களையும் விடமாட்டாள்.