மதினி கையில் மட்டும் சிக்கும் சமக்குறி

அண்ணன் வீட்டில் இன்று காலை கணக்கு விளையாட்டு. பையில் கைவிட்டு, எண்ணும் குறியும் செதுக்கிய கட்டைகளைப் பார்க்காமல் எடுத்து, பலகையில் சமன்பாடு அமைக்க வேண்டும். தோற்றவர் ஒரு வாரம் எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

நான் கணக்கு வாத்தியார். எதிரே மதினி, பத்தாம் வகுப்புக் கணக்கில் ஃபெயில். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறார். பாவமே என்றுதான் உட்கார்ந்தேன்.

சமக்குறி இல்லாமல் ஒன்றும் நகராது. எனக்கு அது வரவே இல்லை. மதினிக்கு ஒவ்வொரு முறையும் வந்தது.

மூன்றாவது ஆட்டத்தில்தான் கவனித்தேன். பைக்குள் போன கை வெளியே வரவில்லை. விரல்கள் உள்ளே நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன.

"மதினி, தடவிப் பாத்தா எடுக்குறீக?"

"பாக்கக் கூடாதுன்னுதான தம்பி சொன்னீக? நான் எங்க பாத்தேன்? ஊர்க்கதை பேசிக்கிட்டே ஓட்டை விழுந்த ஏலக்காயைப் பொறுக்குற கை இது. பள்ளமா ரெண்டு கோடு இருக்கிறது தெரியாதா?"

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். தடவக் கூடாது என்று எங்கும் இல்லை. எழுதியவர் போடிப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுத்தேன். மதினி ஒரு வாய் குடித்தார்.

"தட்டிப் போட்ட காயில ஒண்ணு சொத்தை தம்பி."

அடுத்த ஆட்டத்துக்கு மதினியைக் கையுறை போடச் சொல்லலாமா? தைரியமானவர்கள் யாராவது வந்து சொல்லுங்கள். நான் அடுப்படியில் இருக்கிறேன்.