மலைக்குப் போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்

மகளோடு நான் வந்திருக்கிற இந்தக் குளிர் நாட்டில், எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடிக்குப் போகவும் சனம் லிப்டுக்குக் காத்து நிற்கும். அதே ஆட்கள் சனிக்கிழமை வந்தால் காரில் தூரம் போய், ஒரு மலையில் ஏறி இறங்கி வருவார்கள். மேலே கோயில் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை. ஏறுவதற்காகவே ஏறுகிறார்கள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது விளங்கக் கொஞ்சக் காலம் எடுக்கும். எங்கள் ஊர் தட்டை நிலம். கீரிமலை என்று பேர் இருக்கிறது. போய்ப் பார்த்தால் கடலும் கேணியும்தான்.

எங்கள் பகுதியான அஜின்கோர்ட்டில் நான் போகிற வயதானோர் குழு, இலை சிவக்கிற நேரம் மலைக்குப் போகிறது என்றார்கள். எனக்கும் ஆசை வந்தது. மகள்தான் யோசித்தாள். "விழுந்து கிழுந்து வந்தால் பிறகு ஒரு இடமும் விடமாட்டன் அம்மா," என்றாள். அவள் வேலைக்குப் போனால் பின்னேரம் வரை நானும் ரிவியும்தான். குழுவும் இல்லையென்றால் நான் யாரோடு கதைக்கிறது?

மலையடியில், குழுவை நடத்தும் வெள்ளைக்காரப் பிள்ளை மார்கரெட் பாதைகளைக் காட்டினாள். பச்சை அடையாளம் போட்டது லேசு, நீலம் கொஞ்சம் கடினம், கறுப்பு பழகினவர்களுக்கு. முன்பு மலை ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டாள். கலியாணம் முடித்த புதிதில் அவரோடு சிவனொளிபாதமலை ஏறினது நினைவு வந்தது, ஓம் என்று தலையாட்டினேன். காலையில் சாப்பிட்டீர்களா என்றாள். அதற்கும் ஆட்டினேன். வெட்கக்காரருக்குத் தலைதான் வாய். என்னை நீலப் பாதை ஆட்களோடு விட்டாள்.

சிவனொளிபாதத்தில் படிக்கட்டு இருந்தது, வழி நெடுகத் தேத்தண்ணிக் கடை இருந்தது. பாடிக்கொண்டு வருகிற சனமே ஆளை மேலே தள்ளிக்கொண்டு போய்விடும். முழங்காலும் அப்போது என் சொல்லுக் கேட்டது. இங்கே வேரும் கல்லும் ஈர இலையும். பாதி வழியில் தலை சுற்ற, ஒரு கல்லில் இருந்துவிட்டேன். கூட வந்த மன்னார்த் திரேசம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தா.

"கை சில்லிட்டுக் கிடக்கு. என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை. மலைக்கெல்லோ போறம், விரதமாய் வந்தனான்."

"ஐயோ கடவுளே. அங்க மலைக்கு மேல உங்களுக்கு ஆர் பூசை வைக்கினம்?"

தன்னுடைய சீஸ் வைத்த பாண் துண்டைப் பிய்த்துத் தந்தா. முன்னால் போன மார்கரெட் ஓடி வந்து, நான் விரதம் என்று திரேசம்மா சொன்னதும், "உங்கள் சமயத்தில் மலை ஏறக் கூடாதா?" என்று பயத்தோடு கேட்டாள். திரேசம்மா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினா. அவவை எனக்காகக் கதைக்கச் சொல்லலாம் என்று பார்த்தேன். பிறகு, விழுந்தால் என் கால்தானே என்று நினைத்து, நானே வாயைத் திறந்தேன். "நோ புளூ. கிரீன். ஐ கோ ஸ்லோ." மார்கரெட் குறையாக நினைக்கவில்லை. "குட் சொய்ஸ்" என்று, பச்சைப் பாதை பிரிகிற இடம்வரை கூடவே வந்து விட்டாள். திரேசம்மாவும் என்னோடு பச்சைக்கு மாறினா.

புதிதாக வந்தவர்கள் இதைக் கேளுங்கள். ஊரில் நடந்த நடையைக் கணக்கில் எடுக்காதீர்கள். முதல் சில நாட்கள் லிப்டை விட்டுப் படியில் ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பச்சைப் பாதைதான் உங்களுக்கு. ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லுங்கள். இங்கே அதற்கு ஒருவரும் சிரிப்பதில்லை.

பச்சைப் பாதையும் ஒரு பாறையில் போய் முடிந்தது. கீழே காடு முழுக்கக் குங்குமமும் மஞ்சளும். என்னை அறியாமல் குனிந்து ஒரு காலின் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். கல்லின் குளிர் உச்சிவரை ஏறியது.

"எந்தச் சாமிக்கு?" என்றா திரேசம்மா.

தெரியாது என்றேன். மற்றச் சப்பாத்தைக் கழற்றவில்லை; கழற்றினதைப் போடவும் மனம் வரவில்லை. அப்படியே நின்று, கை கூப்பினேன்.