சைப்பிரஸ் மலைக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை

சைப்பிரஸ் போய்வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி, இங்கே டென்மார்க்கில் வைலேயிலும் ஓகூஸிலும் இருந்து நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் தெரியவேண்டியது ஒன்றுதான்: தீவுக்குள் எதில் ஏறி எங்கே போவது. அதைத்தான் எழுதுகிறேன். கடற்கரைப் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். நான் கடற்கரையில் இருந்தது ஒரேயொரு பின்னேரம், அதிலும் பாதி நேரம் குறட்டை.

நாங்கள் வெயில் காயப் போகவில்லை. என் தங்கச்சி சுபா அங்கே இருக்கிறாள். லிமசோல் நகரத்துக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில், பாரிசவாதத்தில் படுக்கையாகிவிட்ட ஒரு அம்மாவை, அந்த வீட்டோடேயே தங்கிப் பார்க்கிறாள். நான்கு வருடமாகிறது. டென்மார்க்குக்கு வர இரண்டு முறை விசா கேட்டாள், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். நான் அவளைக் கடைசியாக நேரில் பார்த்தது ஒன்பது வருடங்களுக்கு முன், அப்பாவின் செத்தவீட்டில். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. எனக்கு மே மாதத்தில் வியாழன் தொடங்கித் திங்கள் வரைதான் லீவு கிடைத்தது. ஆக, எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரு ஞாயிறு.

வைலேயிலிருந்து பில்லுண்ட் விமான நிலையத்துக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வாக்ட் என்று இங்கே சொல்லும் இரவு முறை வேலையை முடித்துக் குளித்துவிட்டு அப்படியே விமானம் ஏறியதால், நாலு மணித்தியாலப் பறப்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சாண்ட்விச் விலை அநியாயம் என்று கணவர் சொன்னார். அவர் கிடங்கு ஒன்றில் வேலை செய்பவர், எதையும் விலையோடுதான் ஞாபகம் வைத்திருப்பார்.

லார்னக்கா விமான நிலையத்திலிருந்து லிமசோலுக்கு எழுபது கிலோமீட்டர். டாக்ஸிக்காரர் அறுபத்தைந்து யூரோ கேட்டார். வெளியே வந்து கொஞ்சம் தள்ளி நின்றால் விமான நிலைய பஸ் வரும். ஒருவருக்குப் பத்து யூரோ கொடுத்தோம், ஒரு மணித்தியாலத்தில் கொண்டுபோய் விட்டது. பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நான் தூங்கினேன்.

லிமசோல் நகருக்குள் கார் தேவையே இல்லை. கடற்கரை வீதி நீளத்துக்கும் முப்பதாம் நம்பர் பஸ் ஓடுகிறது, டிக்கெட்டை ஓட்டுநரிடமே வாங்கலாம். பஸ் தரிப்பில் எழுதியிருக்கும் நேரத்துக்கு வரும் என்று டென்மார்க் நினைப்பில் நிற்காதீர்கள். வரும்போது வரும். வெள்ளிக்கிழமை இருபத்தைந்து நிமிடம் வெயிலில் நின்றோம். சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கிறது. கடலோரப் பாதையில் அருமையாக ஓடலாம். கரையை விட்டு உள்ளே திரும்பினால் ஏற்றம் தொடங்கும், எங்களைப் போல டென்மார்க்கின் சமதரையில் சைக்கிள் ஓடிப் பழகினவர்களுக்கு அங்கே மூச்சு வாங்கும்.

ஞாயிறு சுபா லிமசோலுக்கு இறங்கி வருவதாகத்தான் ஏற்பாடு. காலையில் பூங்காவில் சந்திப்பது, மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவது, பின்னேரம் கடற்கரை. சனிக்கிழமை பின்னேரம், நான் கடற்கரையில் அரைத் தூக்கத்தில் கிடந்தபோது போன் வந்தது.

"அக்கா, நாளைக்கு என்னால வர ஏலாது. ஞாயிறில எனக்குப் பதிலா நிக்கிற அந்த அம்மாவின்ர மகளுக்குக் காய்ச்சலாம். அம்மாவை விட்டிட்டு எப்பிடி வாறது?"

"அப்ப நாங்கள் அங்க வாறம்."

"இஞ்ச ஞாயிறில பஸ் இல்லையே அக்கா."

உண்மைதான். பஸ் நிலையத்துக்குப் போய்க் கேட்டோம். அந்தக் கிராமத்து பஸ் கிழமை நாட்களில் விடிய இறங்கி வரும், பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஏறிப்போகும். அவ்வளவுதான். போகிற பஸ்ஸில் போனால் அன்றைக்கே திரும்ப முடியாது. டாக்ஸி நாற்பது கிலோமீட்டருக்கு அறுபது யூரோ கேட்டது, அதுகூடப் பரவாயில்லை. திரும்பிவர ஞாயிறு பின்னேரம் யாரும் மலைக்கு வரமாட்டார்கள் என்று அந்த ஓட்டுநர் வெளிப்படையாகவே சொன்னார். மிஞ்சியது வாடகைக் கார். நாளுக்கு நாற்பத்தைந்து யூரோ, இரவு எட்டு மணிக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

சைப்பிரஸில் இடப்பக்கமாக ஓட வேண்டும். நான் தயங்கினேன். கணவர் சிரித்தார்.

"நீர் பயப்பிடாதையும். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள். லெஃப்ட்டில ஓடுறது எங்கட ரத்தத்தில ஊறினது."

இந்த மனிதர் பதினெட்டு வயதில் ஊரைவிட்டு வந்தவர். அங்கே அவர் ஓட்டியது சைக்கிள் மட்டும்தான், அதுவும் தமையனுடைய சைக்கிள். கார் ஓட்டப் பழகியது வைலேயில், வலப்பக்கத்தில். இதையெல்லாம் நான் ஞாயிறு காலை முதலாவது சுற்றுவட்டத்தில்தான் யோசித்தேன். அவர் சிக்னல் போடும்போதெல்லாம் கண்ணாடி துடைப்பான் ஆடியது. சொட்டு மழை இல்லாத நாளில் எங்கள் கார் மட்டும் துடைத்துக்கொண்டு போனது. வாடகைக் காருக்கு அங்கே சிவப்பு நம்பர் தகடு. அதைக் கண்டதும் உள்ளூர்க்காரர் விலகிப் போகிறார்கள், நல்ல பழக்கம்.

ஐம்பது நிமிடப் பாதை என்று போன் சொன்னது. ஒன்றரை மணித்தியாலமாகியும் நாங்கள் பாதி மலையில் நின்றோம். ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் போன் சொன்னபடி நுழைந்து, இடப்பக்கக் கண்ணாடியை மதிலில் உரசி உடைத்தாயிற்று. இவர் காரை நிறுத்தி இறங்கிப்போய் ஒரு கல்லில் இருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "என்னால ஏலாது" என்றார். எனக்கு அழுகை வந்தது. திட்டத் தெம்பு இல்லாததால் திட்டவில்லை.

பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஆங்கிலத்தில் எந்த நாடு என்று கேட்டார். டென்மார்க் என்றோம். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொருமுறை கேட்டார். இன்னொருமுறை டென்மார்க் என்றோம். சரி, ஆளுக்கொரு நாடு என்பது போலத் தோளைக் குலுக்கிவிட்டு, கிராமத்தின் பெயரைக் கேட்டு, எங்கள் காரைப் பின்னால் எடுக்க உதவி, தன் வண்டிக்குப் பின்னால் வரச் சொன்னார். கிராமம் வரைக்கும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் எங்களைக் கூட்டிப்போனார். பெயரைக்கூடக் கேட்க விட்டுப்போனது.

சுபா வாசல் படலையில் நின்றாள். மெலிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கருவளையம். கட்டிப்பிடித்தோம். அதற்குள் உள்ளேயிருந்து அந்த அம்மா கூப்பிட்டுவிட்டார். ஓடினாள். நானும் கை கழுவிக்கொண்டு பின்னால் போனேன்.

"லீவில வந்தனீங்கள், இருங்கோ அக்கா" என்றாள். எப்படி இருப்பது? எங்கள் இல்லத்தில் ஆளைத் தூக்க மெஷின் இருக்கிறது, இரண்டு பேர் இல்லாமல் தொடக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. இங்கே இவள் தனியாக, வெறுங்கையால் தூக்குகிறாள். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் நின்று உடுப்பு மாற்றினோம், படுக்கை விரித்தோம், சாப்பாடு தீத்தினோம். ஒரே வேலைதான். நான் போய்ச் சேர்ந்த நாடு வேறு, அவள் போய்ச் சேர்ந்த நாடு வேறு. எனக்கு அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

விடிய எழும்பி எங்களுக்கு இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருந்தாள். சாப்பிட்டு முடிய இரண்டரை மணி. சோபாவில் பக்கத்தில் வந்திருந்து, ஊரில் எங்கள் அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் செய்த கதையைத் தொடங்கினாள். பாதி வசனத்தில் நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி நித்திரை, கையில் தேத்தண்ணிக் கப். மெல்ல வாங்கி வைத்தேன்.

எங்கள் வேலையில், நித்திரை கொள்கிறவரை அவசியமில்லாமல் எழுப்பக்கூடாது என்பது முதல் பாடம். ராத்திரியில் மூன்று முறை எழும்பி அந்த அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறாள் என்று சாப்பிடும்போது சொல்லியிருந்தாள். கிடக்கட்டும் என்று விட்டேன். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் பருக்கினேன், திருப்பிப் படுக்கவைத்தேன், காய்ந்த உடுப்புகளை மடித்தேன். கணவர் வெளியே காரின் கண்ணாடியை ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சிக்கு நல்லதொன்று செய்கிறேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தரைக்கு அவர் உள்ளே வந்தார். "ஆறு மணிக்கு வெளிக்கிட வேணும். இருட்டினா இந்த வளைவுகள் எனக்குச் சரிவராது."

அந்தச் சத்தத்தில் சுபா எழும்பினாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன் அக்கா என்னை எழுப்பேல்லை?"

"நீ களைச்சுப்போய்க் கிடந்தாய்."

"நித்திரை நாளைக்கும் கொள்ளலாம். நாளைக்கு நீங்கள் இருப்பியளோ?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துக்கொள் என்றேன். தலையை ஆட்டினாள், அழுதாள், நானும் அழுதேன். அதற்குள் அந்த அம்மா கூப்பிட்டார். கடைசி அரை மணித்தியாலத்தில் பாதி, கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று உடுப்பு மாற்றுவதில் போனது. எங்கள் அம்மாவின் கண் ஒப்பரேஷன் கதையை அப்போதுதான் சொல்லி முடித்தாள்.

இறக்கம் சுகமாக இருந்தது. எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காரைக் கொடுத்தோம், கண்ணாடிக்கு எண்பது யூரோ வாங்கினார்கள். திங்கள் பின்னேரம் பில்லுண்டில் மழை. செவ்வாய் காலை நான் வேலையில் நின்றேன்.

போகிறவர்களுக்கு: நகரங்களுக்கிடையே பஸ் போதும். மலைக்கு என்றால் கார் எடுங்கள், முழுக் காப்புறுதியோடு எடுங்கள். முதல் நாள் நகரத்தின் வெறும் வீதியில் இடப்பக்கம் ஓடிப் பழகுங்கள், ரத்தத்தை நம்பாதீர்கள். கிராமத்து பஸ்களை ஞாயிறில் எதிர்பார்க்காதீர்கள். அங்கே வீட்டுவேலைக்குப் போன எங்கள் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், உங்களுக்கும் ஒருத்தி இருக்கலாம். அவளைப் பார்க்கப் போனால், வெளிச்சம் இருக்கும்வரை அவளோடு கதையுங்கள். கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் செருகும். பாவம் என்று விட்டுவிடாதீர்கள். எழுப்புங்கள்.