கீழ்த்தட்டில் ஐந்து கிழங்குகள்

தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தியதால் அவளுக்கு ஸ்டாம்ப் அக்கா என்றே பெயர். தம்பியைப் படிக்க வைப்பதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது தள்ளியே போய்விட்டது. இப்போது தம்பி வீட்டுப் பின்னறையில், ஒரு ஜன்னலும் ஐந்து துலிப் தொட்டிகளுமாகக் காலம் ஓடுகிறது.

போன வருஷம் ஐந்தும் பூத்தன. கிழங்கு விற்ற கடைக்காரன், "ஒரு தடவைதாம்மா பூக்கும். அப்புறம் குப்பையில போட்டுடுங்க" என்றிருந்தான். ஓய்வு பெற்ற மறுவாரமே தம்பி மனைவி யாரிடமோ போனில், "இனிமே இவங்களால என்ன ஆகப்போகுது?" என்றதைத் தன் காதால் கேட்டவள் ஸ்டாம்ப் அக்கா. குப்பை என்ற பேச்சு சுருக்கென்று தைத்தது. ஐந்தில் ஒன்றையாவது மறுபடி பூக்க வைக்காமல் விடுவதில்லை என்று வீம்பு பிடித்துவிட்டாள்.

பூ வாடியதும் தலையை மட்டும் கிள்ளினாள். இலையைத் தொடவில்லை, அது தானாகப் பழுக்கும்வரை கிழங்குக்கு அதுதான் சாப்பாடு. ஆறு வாரம் ஜன்னலோரம் மஞ்சளடித்துத் தொங்கிய இலைகளைப் பார்த்து, "வெட்டி எறிஞ்சாத்தான் என்ன அண்ணி?" என்று தம்பி மனைவி முகம் சுளித்தாள். ஸ்டாம்ப் அக்கா அசைந்து கொடுக்கவில்லை. இலை காய்ந்தபின் கிழங்குகளைத் தோண்டி, மண்ணைத் தட்டி, கோடை முழுக்கக் காற்றாட வைத்தாள். பிறகு காகிதப் பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பதினாலு வாரத்துக்கு வைத்தாள். குளிர் பட்டால்தான் மொட்டு நீளும்.

"பக்கத்துல பழம் மட்டும் வெச்சுடாதீங்க. பழத்துலேருந்து வர்ற ஆவி பட்டா உள்ள இருக்கிற மொட்டு கருகிடும்" என்று தினமும் பாடம் நடத்தினாள். தம்பி செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து 'உம்' கொட்டினான்.

பத்தாவது வாரம் அவளுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் படுத்த படுக்கை. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தறியாத தம்பி, தினம் ஒரு ஆப்பிளை நறுக்கிக்கொண்டு வந்தான்.

"சாப்பிடுக்கா. உடம்பு தேறணும்ல."

முதல் நாள், வளர்த்தது வீண்போகவில்லை என்று, அவன் போனபின் தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

எழுந்து நடமாடியதும் கிழங்குகளைத் தொட்டியில் வைத்தாள். இலைகள் ஜோராக வந்தன. நடுவில் மொட்டும் எட்டிப் பார்த்தது. ஆனால் ஐந்து மொட்டும் வெங்காயச் சருகாகக் காய்ந்து, விரல் பட்டதும் உதிர்ந்தன. பிறகு கூடத்துக்குப் போனாள்.

"டேய், எனக்குக் குடுத்த ஆப்பிளையெல்லாம் எங்கடா வெச்சிருந்த?"

"ஃப்ரிட்ஜ்லதான். கீழ்த்தட்டுல, உன் பை பக்கத்துல. அங்கதான் இடம் இருந்துச்சு."

"அங்க பழம் வைக்காதேன்னு சொன்னேனே?"

"சொன்னியா? எப்பக்கா?"

பொய் சொல்லவில்லை, அந்த முகத்தை அவளுக்குத் தெரியாதா? மறந்திருந்தால்கூடத் தேவலை. மறப்பதற்கு முதலில் காதில் வாங்கியிருக்க வேண்டுமே. கத்தித் தீர்த்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் இந்த வீட்டில் அவளுக்கென்று ஆசையாக வந்தது அந்த ஆப்பிள் மட்டும்தான். அதையும் குற்றமாக்கிவிட்டால் அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம்?

"ஒண்ணுமில்லடா. சும்மா கேட்டேன்" என்றாள்.