சோடா கலந்த மருந்து

டாக்டர் சூடாமணிக்கு இடுப்பில் பேஜர் அடித்தால் கால் தரையில் பாவாது. மயிலாப்பூரில் ஒரு மயக்க ஊசி, தி. நகரில் ஒன்று என்று கைனடிக் ஹோண்டாவிலேயே பாதி ஆயுள் போய்க்கொண்டிருந்தது. காத்திருப்பதென்றால் எரிச்சல். அதனால்தான் சோடா பைகார்ப் சங்கதியைக் கேள்விப்பட்டதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மரத்துப்போக வைக்கும் மருந்தைப் புட்டியில் அமிலமாகத்தான் வைத்திருப்பார்கள். போடும்போது துளி சோடா கலந்தால் புளிப்பு குறைந்து, கால் மணி நேரத்தில் மரத்துப்போகிற இடம் ஏழெட்டு நிமிஷத்தில் மரத்துவிடும்.

தொண்ணூற்றாறில் ஒருநாள், அடையாறு நர்சிங் ஹோமில் மதுமதிக்குப் பிரசவ வலி. வலி தெரியாமலிருக்க முதுகில் சூடாமணி வைத்த மெல்லிய குழாய் வழியே மருந்து போய்க்கொண்டிருந்தது. திடீரென்று குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியது. உடனே சிசேரியன்.

"டைம் இல்லை. முழுசா தூங்கப் பண்ணிடுங்கோ" என்றார் சர்ஜன் சுப்பராமன்.

"தெம்புக்குன்னு இவ மாமியார் ஆறு இட்லி ஊட்டியிருக்காங்க சார். தூக்கத்துல வாந்தி நுரையீரலுக்குள்ள போனா இவ உயிருக்கே ஆபத்து. குழாயிலயே போடறேன்."

பரபரவென்று மருந்தை உறிஞ்சி சோடாவைக் கலந்தாள். சிரிஞ்சுக்குள் அரிசி கழுவின தண்ணீராய் வெளுத்தது. புட்டியைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். எடுக்க வேண்டியது சீக்கிரம் மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன். எடுத்தது வலிக்குப் போட்டுக்கொண்டிருந்த பூபிவகைன். அது அவ்வளவு சோடா தாங்காது, மாவாய்த் திரிந்துவிடும்.

"யார் பார்த்த வேலை?" சுப்பராமன் நர்ஸ் தேவானையை முறைத்தார்.

"நான்தான் சார். என் அவசரம்."

அதைக் கொட்டினாள். தேவானையை லேபிளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, இரண்டாம் முறை கலந்தாள். தெளிவாக இருந்தது. குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினாள்.

மரத்துவிட்டதா என்று பார்க்க, ஸ்பிரிட் பஞ்சை மதுமதியின் வயிற்றில் வைத்தாள். "தெரியுதா?"

"சில்லுன்னு இருக்கு டாக்டரம்மா."

துடிப்பு இன்னும் இறங்கியது. சுப்பராமன் கத்தியோடு நின்றார். பேஜர் வேறு அலறித் தொலைத்தது. மறுபடி பஞ்சு. "இப்ப?"

"லேசா..."

ஆறாவது நிமிஷம். "இப்ப?"

"எங்க வைக்கீங்கன்னே தெரியலயே."

"சார், ஆரம்பிங்க."

குழந்தை நீலமாய் வந்தது. முதுகைத் தேய்த்தார்கள். சத்தமில்லை. கொட்டின மருந்துதான் சூடாமணியின் கண்ணில் நின்றது. அப்புறம் வீறிட்டது ஒரு அழுகை.

"எம்புள்ளையா அழுவுது?"

"உன் பிள்ளைதாம்மா."

தன் மகன் பிறந்தபோது சூடாமணி முழு மயக்கத்தில் கிடந்தவள். அவன் முதலில் எப்படி அழுதான் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பேஜர் மறுபடி அடித்தது. அதை அணைத்துவிட்டு, மதுமதியின் தலைமாட்டில் நின்று அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.