கடலைக் கொட்டகையின் குறுக்குக் கம்பிகள்

நல்லம்பள்ளிப் பக்கத்தில் முதன்முதலாக இரும்புச் சட்டத்தில் கொட்டகை எழுப்பியவர் எங்கள் கடலை மண்டிக்காரர்தான். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. ஓலை வேய்ந்த கட்டிடமெல்லாம் அவர் கண்ணுக்குக் கோழிக்கூடு. வருவோர் போவோரை நிறுத்தித் தூணைத் தட்டிக் காட்டுவார். ஏதோ அவரே உருக்கி வார்த்த மாதிரி.

சேலத்து ஆட்கள் வந்து தூண் நிறுத்தி, உத்தரம் ஏற்றி, மேலே தகரம் போட்டார்கள். பக்கவாட்டில் தூணுக்குத் தூண், விரித்த கத்தரிக்கோலைப் போலக் குறுக்கே கம்பிகளை முடுக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன மறுநாளே மண்டிக்காரருக்கு அரிப்பெடுத்தது. கொல்லரைக் கூப்பிட்டார்.

"இதென்னப்பா, சிலுவ சிலுவையா நிக்குது? வேதக்காரங்க கோயில்னு நெனச்சுக்க மாட்டாங்க? எல்லாத்தையும் அறுத்துப் போடு."

நான் வேதக்காரி. பிறந்ததிலிருந்து சிலுவையைப் பார்த்து வருகிறவள். எந்தக் கோயிலில் சிலுவை அப்படிக் காலைப் பரப்பிக்கொண்டு நிற்கிறதாம்? ஆனால் கூலிக்குக் கடலை உடைக்கிறவளை யார் கேட்டார்கள்? அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. கம்பி எதற்கென்று எனக்கும் தெரியாது. தெரியாததில் கை வைக்கக் கூடாது என்கிற அளவுக்குப் புத்தி மட்டும் இருந்தது. கொல்லர் ஒரு கம்பி விடாமல் அறுத்துப் போட்டார்.

கைக்குழந்தைக்காரிகள் நாங்கள் உத்தரத்தில் கயிறு வீசித் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வேலை பார்ப்போம். ஆடிக்காற்று அடித்த ஒரு மத்தியானம், என் மகளின் தூளி ஆடிக்கொண்டே இருந்தது. யாரோ புண்ணியவதி ஆட்டிவிடுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. எல்லாத் தூளியும் ஒன்றுபோல ஆடின. அப்புறம்தான் தூண்களைப் பார்த்தேன். அவையும் கூடவே ஆடின.

"புள்ளைங்களத் தூக்குங்கடி" என்று கத்தினேன். அள்ளிக்கொண்டு வெளியே ஓடினோம். கொட்டகை குடிகாரனைப் போலத் தள்ளாடி, தகரமெல்லாம் அலற, ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. என் மகள் அப்போதுதான் விழித்து அழுதாள். நானும் அழுதேன்.

மண்டிக்காரர் வந்தார். பிள்ளைகளுக்கு என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எத்தன மூட்ட உள்ள கெடக்குது?" என்றுதான் கேட்டார்.

சேலத்து ஆட்கள் திரும்ப வந்து, கம்பிகள் எங்கே என்று தேடித் தலையில் அடித்துக்கொண்டார்கள். காற்றில் கொட்டகை சாயாமல் இழுத்துப் பிடிப்பதே அவைதானாம். இந்தத் தடவை மண்டிக்காரர் அறுக்கவில்லை. கம்பிக்குக் கம்பி சந்தனம், குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டினார். வெட்கங்கெட்ட மனுஷன்.

கொட்டகை மறுபடி எழும்பியதும் மகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். வாசலிலேயே மறித்தார்.

"தூளியக் கட்டி ஆட்டு ஆட்டுன்னு ஆட்டித்தான் கொட்டாயச் சாய்ச்சுட்டீங்க. கைப்புள்ளக்காரிங்களுக்கு இனிமே இங்க வேல இல்ல."

பல்கூட முளைக்காத என் மகள்தான் அவ்வளவு இரும்பையும் சாய்த்தாளாம். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அன்றைய கூலி இல்லாமல் வீடு திரும்பினேன்.